கை தட்டினால் நிறுத்த வேண்டும்

பேசத் தெரியாதவர்களால் உலகத்துக்கு ஒரு கெடுதியும் வந்ததில்லை. மேடையில் ஏறுவார்கள், நாக்கு வறளும், "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார்கள். சபைக்கும் நிம்மதி, தேநீரும் சூடாகக் கிடைக்கும். கெடுதி முழுவதும் பேசத் தெரிந்தவர்களால் வருவது.

எனக்குப் பேசத் தெரியும்.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. (பெருமைக்காகத்தான் சொல்கிறேன், வேறெதற்கு?) எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். அம்மா கருவாடு காயவைத்துச் சந்தையில் விற்கிறவள். படிக்க வேண்டிய வயதில் இருவரும் சண்டைக்கு இடம் விட்டு ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குள் கால் வைக்காதவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. வைத்தார்கள், அகதிகளாகப் படுத்துறங்குவதற்கு.

அதனால் நான் கொண்டுவந்த ஒவ்வொரு சான்றிதழும் எங்கள் வீட்டில் ஒரு திருவிழா. துறைமுகத்தோரம் இருக்கும் எங்கள் சின்ன வீட்டுச் சுவரில் சாமிப் படங்களைவிட என் சான்றிதழ்கள் அதிகம். வெள்ளிக்கிழமைகளில் அம்மா அவற்றுக்கும் சேர்த்துச் சாம்பிராணி காட்டுவாள். அதில் பாதி, பேச்சுப் போட்டியில் வாங்கியவை. பாடசாலை மட்டம், வலய மட்டம், மாகாண மட்டம். தேசிய மட்டத்துக்குப் போகவில்லை. நடுவர்கள் சரியில்லை என்று அப்போது எல்லோரிடமும் சொல்லியிருந்தேன்.

இப்படிப்பட்ட நான், பட்டம் வாங்கி வந்து, கரையோர மக்களுக்காக வேலைசெய்யும் ஓர் அலுவலகத்தில் தற்காலிகமாகக் கணினியில் தரவு ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒப்பந்தம் முடியப் போகிற நேரத்தில் அங்கே ஒரு நிரந்தர வேலை வந்தது. கள அலுவலர். குச்சவெளியிலிருந்து வெருகல் வரைக்கும் மீன்பிடிக் கிராமங்களுக்குப் போய்க் கூட்டம் கூட்டி, திட்டங்களை விளக்கிச் சொல்ல வேண்டும். பேசுகிற வேலை. என்னைப் பார்த்து அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது.

போட்டிக்கு ஒரேயொரு ஆள்தான், கிண்ணியாவைச் சேர்ந்த அஸ்மி. அவனும் என்னைப் போலவே தற்காலிகம், எனக்குப் பக்கத்து மேசை. நல்ல பொடியன், ஆனால் குரல் குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கத்திலிருந்து வருவது போல இருக்கும். இவன் எப்படிக் கடற்கரைக் காற்றில் நின்று கூட்டம் நடத்துவான் என்று நினைத்து நான் அவனுக்காகக் கவலைகூடப் பட்டேன்.

எங்கள் பணிப்பாளர் சிவநேசன் சேர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"ரெண்டு பேரின்ர தகைமையும் ஒண்டுதான். எனக்குத் தெரிய வேண்டியது சபையில எப்பிடிக் கதைப்பீங்கள் எண்டது. இந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கட பேச்சாளர் கழகத்துக்கு வாங்கோ. ஆளுக்கொரு பேச்சு. அதைப் பாத்துத்தான் முடிவு."

பேச்சாளர் கழகம் என்பது சேர் தலைவராக இருந்த ஒரு சங்கம். வங்கிக்காரர்கள், மருந்துக்கடைக்காரர், ஆசிரியர்கள், இரண்டொரு கப்பல் முகவர்கள் என்று ஊரில் தங்கள் குரலை விரும்பும் எல்லோரும் அதில் இருந்தார்கள். மாதத்தில் சில வெள்ளிக்கிழமைகளில் கூடி ஒருவர் பேச மற்றவர்கள் கேட்பார்கள். பிறகு மற்றவர் பேச இவர் கேட்பார். (மொய் எழுதுவது போல.)

அஸ்மி, "தலைப்பு என்ன சேர்?" என்று கேட்டான்.

"முதல் பேச்சு எப்பவும் உங்களைப் பற்றித்தான். உங்களை அறிமுகப்படுத்திக் கதையுங்கோ."

என்னைப் பற்றியா? நான் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். உலகத்தில் எனக்கு மிகவும் பிடித்த தலைப்பு அது.

வீட்டில் சொன்னதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"அப்ப வெள்ளிக்கிழமை நீ கதைச்சால் வேலை நிரந்தரம்?"

"அப்பிடித்தான்."

"கதைக்கிறதுக்கோ சம்பளம்?" என்றார் அப்பா. "இவ்வளவு நாளும் சும்மா கதைச்சு எவ்வளவு நட்டம்."

விருந்தினர்களையும் கூட்டிவரலாம் என்று சேர் சொல்லியிருந்தார். அதை நான் வீட்டில் சொல்லியிருக்கத் தேவையில்லை. ஆனால் பெற்றவர்கள் பார்க்காத வெற்றி என்ன வெற்றி? அம்மா குச்சவெளிக்குத் தொலைபேசி எடுத்துத் தன் தங்கச்சியையும் வரச் சொன்னாள். சின்னம்மா வெள்ளிக்கிழமை மத்தியானமே கரையோர வீதி பஸ்ஸில் வந்திறங்கிவிட்டாள், கல்யாண வீட்டுக்குக் கட்டும் ஊதாப் பட்டுச் சேலையில்.

நான் என் பேச்சைக் கடற்கரையில் காயப்போட்டிருந்த கருவாடுகளுக்கு முன்னால் ஒத்திகை பார்த்திருந்தேன். அவை எல்லாம் வாய் பிளந்து கேட்டன.

வெள்ளிக்கிழமை பின்னேரம். கடற்கரைப் பக்கத்து விடுதி ஒன்றின் கீழ் மண்டபம். கதிரைகளுக்கு வெள்ளை உறை, பின்னால் ஒரு மேசையில் மூடிவைத்த ரோல்ஸ், தேநீர்க் கோப்பைகள். அம்மா, அப்பா, சின்னம்மா மூவரையும் முன் வரிசையில் இருத்தினேன். அப்பா கதிரை உறை ஊத்தையாகிவிடும் என்று நுனியில் இருந்தார்.

கையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று அட்டைகளோடு ஓர் அக்கா என்னிடம் வந்தார். வங்கியில் வேலை செய்பவர், பெயர் பஸ்லியா.

"தங்கச்சி, நீங்க புதுசுதானே? நான்தான் இண்டைக்கு நேரம் பாக்கிறது. எங்கட முறையைக் கொஞ்சம் சொல்லட்டா?"

"பரவாயில்லை அக்கா. நான் மாகாண மட்டம் வரைக்கும் போனனான்."

"அது நல்லம். இது வேற மாதிரி. இந்த அட்டையெல்லாம்..."

"எனக்குப் பேச்சுப் புதுசில்லை அக்கா."

அவர் அட்டைகளை அடுக்கிக்கொண்டார். "சரி தங்கச்சி" என்றுவிட்டு அஸ்மியிடம் போனார். அஸ்மி எல்லாவற்றையும் கேட்டான். தலையாட்டினான். திருப்பியும் கேட்டான். ஒன்றும் தெரியாத பிள்ளை, பாவம், என்று நான் அம்மாவின் காதில் சொன்னேன்.

கூட்டம் தொடங்கியது. எனக்கு முதலில் கண்ணில் பட்டது, இந்தச் சபை எதற்கும் கை தட்டும் என்பதுதான். சேர் மேடைக்கு நடந்து போனார், தட்டினார்கள். ஒருவர் எழும்பி இன்றைய நல்ல சொல் என்று ஒரு சொல்லைச் சொன்னார், தட்டினார்கள். அவர் போய்க் கதிரையில் இருந்தார், அதற்கும் தட்டினார்கள். ஒலிவாங்கியை ஒருவர் மற்றவரிடம் கொடுக்கும்போது கை குலுக்கிக்கொண்டார்கள், சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மாதிரி.

"நல்ல சனம்" என்றாள் சின்னம்மா.

அஸ்மி முதலில் பேசினான். பாலம் வருவதற்கு முந்திய காலத்தில் கிண்ணியாவிலிருந்து பாதை என்று சொல்லும் பெரிய படகில் பள்ளிக்கூடம் போனதைச் சொன்னான். ஒருநாள் அதில் ஒரு கிடாய் அவனுடைய கணக்குக் கொப்பியைத் தின்றதையும், ஆசிரியர் அதை நம்பாததையும், மறுநாள் வாப்பா அந்தக் கிடாயையே சாட்சிக்குப் பள்ளிக்கூடம் கொண்டுபோனதையும் சொன்னான். சபை சிரித்தது. பஸ்லியா அக்கா பச்சை அட்டையைத் தூக்கினார். கொஞ்சம் கழித்து மஞ்சளைத் தூக்கினார். அஸ்மி முடித்துவிட்டு இறங்கிவிட்டான்.

நான் அந்த அட்டைகளைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடப் போட்டியில் நேரம் முடிந்தால் மணி அடிப்பார்கள். இங்கே மணியே இல்லை. ஆகவே அட்டை நேரத்துக்கு இல்லை, மதிப்பெண்ணுக்கு என்று முடிவு செய்தேன். பச்சை என்றால் சாதாரண சித்தி, வெறும் தேர்ச்சி. மஞ்சள் என்றால் திறமைச் சித்தி. சிவப்பு என்றால் அதிவிசேட சித்தி. அஸ்மிக்குச் சிவப்புக் கிடைக்கவில்லை. என் வயிற்றுக்குள் ஐஸ்கிரீம் இறங்கியது.

(நேரம் பாக்கிறது நான்தான் என்று அந்த அக்கா தன் வாயால் சொன்னாரே என்று நீங்கள் கேட்கலாம். கேட்டவர்கள் பலர். மற்றவர்கள் சொல்வதைக் கேட்கிற பழக்கம் எனக்கு அந்த நாளில் இருக்கவில்லை.)

என் பெயரைக் கூப்பிட்டார்கள். தட்டினார்கள். ஏறினேன்.

"அவையடக்கம் என்னும் அணிகலன் பூண்டு, அறிஞர்கள் நிறைந்த இந்த அவையின் முன்னே நிற்கும் எளியேன்..."

பின் வரிசையில் ஒருவர் நிமிர்ந்து இருந்தார். பயத்தில் என்று இப்போது நினைக்கிறேன்.

என் பேச்சின் தலைப்பு 'நான் கடந்து வந்த பாதை.' நான் பிறந்த மழை நாளிலிருந்து தொடங்கினேன். அந்த நாளின் மின்னலை இரண்டு கையாலும் காட்டினேன். முதல் சொல் பேசிய விதம், ஏடு தொடக்கியது, முதலாம் தரத்தில் ஆசிரியை என்னைப் பார்த்துச் சொன்ன நல்வாக்கு என்று ஒன்றையும் விடவில்லை. மூன்றாம் தரத்தில் பச்சை அட்டை வந்தது. நான்காம் தரத்தில் மஞ்சள். நான் குரலை உயர்த்தினேன். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை மண்டபத்துக்குள் நுழையும்போது பஸ்லியா அக்கா சிவப்பு அட்டையைத் தூக்கினார்.

அதிவிசேட சித்தி. அதுவும் பேச்சு முடியவே இல்லை, அதற்குள்.

அவருக்கு ஒரு சின்னத் தலையசைப்பால் நன்றி சொன்னேன். அவர் அட்டையை இன்னும் உயர்த்தினார். இவ்வளவு உற்சாகமான நடுவரை நான் மாகாண மட்டத்தில்கூடக் கண்டதில்லை.

"அந்தப் பரீட்சையிலே, எங்கள் பாடசாலையின் வரலாற்றிலேயே முதன்முறையாக, நான் சித்தியடைந்தேன்" என்றேன்.

சபை முழுவதும் கை தட்டியது.

கைகூப்பித் தலை தாழ்த்தினேன். முன் வரிசையில் அம்மா, அப்பா, சின்னம்மா மூவரும் மற்றவர்கள் ஓய்ந்த பிறகும் தட்டினார்கள். சபை என்னைப் பார்த்தது. நான் சபையைப் பார்த்தேன். எல்லோர் முகத்திலும் ஓர் எதிர்பார்ப்பு. மேலே சொல்லச் சொல்கிறார்கள் என்று விளங்கியது.

"அத்தோடு நின்றுவிட்டேனா? இல்லை" என்றேன்.

உண்மையிலேயே நிற்கவில்லை.

இடையில் மண்டப வாசலில் ஒரு மான் வந்து நின்றது. (எங்கள் ஊரில் மான்கள் மாடுகளைப் போல வீதியில் திரியும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.) அது கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தது. என் பேச்சில் சாதாரண தரப் பரீட்சை வந்ததும் போய்விட்டது. அன்றைக்கு அந்த மண்டபத்தில் எழும்பிப் போகும் சுதந்திரம் இருந்த ஒரே சீவன் அதுதான்.

சாதாரண தரப் பெறுபேறுகளைப் பாடம் பாடமாகச் சொன்னேன். கணிதம் என்றேன், தட்டினார்கள். விஞ்ஞானம் என்றேன், இன்னும் பலமாகத் தட்டினார்கள். சமயம் என்று வாயெடுக்கும்போதே தட்டத் தொடங்கிவிட்டார்கள். இவர்கள் கல்வியை மதிக்கும் சனம் என்று நினைத்து இன்னும் விரிவாகச் சொன்னேன். சின்னம்மா உணர்ச்சி தாங்காமல் எழும்பி நின்று தட்டினாள். பின்னால் யாரோ ரோல்ஸ் தட்டின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடும் சத்தம் கேட்டது.

நான் உயர்தரப் பரீட்சைக்கு வந்தபோது சிவநேசன் சேர் எழும்பினார். சிரித்த முகத்தோடு மேடைக்கு வந்து எனக்குக் கையை நீட்டினார்.

இதுவும் அவர்களுடைய முறைதான். தலைவர் கை நீட்டினால் குலுக்கிவிட்டு மேடையைக் கொடுக்க வேண்டும். நான் குலுக்கினேன். பாராட்டுக்கு நன்றி என்று ஒலிவாங்கியில் சொன்னேன். சேர் என் பக்கத்திலேயே நின்றார். நான் பேச்சைத் தொடர்ந்தேன். அவர் போகவில்லை. பரிசு ஏதும் தரக் காத்திருக்கிறாராக்கும், வயதான மனிதர், கால் வலிக்கும் என்று எனக்கு இரக்கம் வந்தது.

"சேர், நீங்கள் இருங்கோ. இன்னும் கொஞ்சம்தான்."

என் நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போட வேண்டிய மனிதரை, அவர் தலைவராக இருக்கும் சபையில், எல்லோருக்கும் முன்னால் நான் இருக்கச் சொல்லியிருந்தேன். அவர் ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்க் கதிரையில் இருந்தார். (நல்ல வளர்ப்பு.)

பிறகு பல்கலைக்கழகம். பட்டமளிப்பு விழா. கறுப்பு அங்கியின் நீளம். கடைசியில் உச்சக்கட்டமாக வைத்திருந்த வரிக்கு வந்தேன். குரலை இறக்கினேன்.

"பாடசாலையில் படிக்கக் கொடுத்து வைக்காத என் தாய் தந்தையர் இதோ உங்கள் முன்னால். அம்மா, எழும்புங்கள்."

எழும்பிச் சபைக்கு முகம் காட்ட வேண்டும் என்பதுதான் என் திட்டம். அம்மா எழும்பினாள். எழும்பியவள் நிற்கவில்லை. நேரே மேடைக்கு ஏறி வந்தாள். எல்லோரும் செய்வதைப் பார்த்திருந்தாள் அல்லவா, என் கையைக் குலுக்கினாள். என் கையிலிருந்த ஒலிவாங்கியை வாங்கினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்குக் கதைக்கத் தெரியாது" என்று தொடங்கினாள்.

பஸ்லியா அக்கா பழக்க தோஷத்தில் மணிக்கூட்டை அமத்தினார்.

"இவள் பிறந்ததில இருந்து வாய் மூடினதில்லை சேர். நித்திரையிலயும் கதைப்பாள். தலை நிறையப் பேன் இருந்த காலத்திலயும் ஒரு கையால சொறிஞ்சு கொண்டு மற்றக் கையால எழுதினவள். இப்ப ஒரு நல்ல இடத்தில சம்பந்தம் பேசி வந்திருக்கு. மாப்பிள்ளை வீட்டுக்காரர் கேட்டவை, பிள்ளைக்கு நிரந்தர வேலையோ எண்டு. நான் ஓம் எண்டு சொல்லிப் போட்டன். இனி நீங்கள்தான் அதை உண்மையாக்க வேணும் சேர். வெருகல் முருகனுக்கும் நேந்திருக்கிறன்."

நான் ஒலிவாங்கியின் வயரை மெல்ல இழுத்தேன். அம்மா தன் பக்கம் இழுத்தாள்.

"அந்தத் தம்பியும் நல்லாத்தான் கதைச்சவர். கிடாயின்ர கதை எனக்கு நல்லாப் பிடிச்சது. ஆனால் அவர் ஆம்பிளைப் பிள்ளை, வேற இடத்திலயும் வேலை எடுப்பார். என்ன தம்பி?"

"ஓம் அம்மா" என்றான் அஸ்மி. அவனுக்கு வேறு என்ன சொல்ல முடியும்?

சபை தட்டியது. அம்மாவுக்கு விழுந்த கைதட்டு வேறு மாதிரி இருந்தது. அப்போதுதான் எனக்கு முதன்முதலாக ஒரு சந்தேகம் வந்தது.

அடுத்தது மதிப்பீடு. இந்தக் கழகத்தில் ஒருவர் பேசினால் இன்னொருவர் எழும்பி அவர் பேச்சை எடை போடுவார். முதலில் பாராட்ட வேண்டும், நடுவில் குறை, முடிவில் மறுபடி பாராட்டு என்பது விதி. எனக்கு வாய்த்தவர் மருந்துக்கடை டொமினிக் அண்ணை. கசப்பு மருந்தைச் சீனிக்குள் வைத்துக் கொடுத்தே பழகியவர்.

"தங்கச்சியின்ர குரல் நல்ல குரல். துறைமுகத்துக்கு வெளியில நங்கூரம் போட்டு நிக்கிற கப்பலுக்கும் கேட்டிருக்கும். முதல் பேச்சில தன்னை அறிமுகப்படுத்த வேணும். தங்கச்சி தன்னை மட்டுமில்லை, தன்ர வகுப்பில படிச்ச எல்லாரையும் அறிமுகப்படுத்தினா. நாங்கள் கை தட்டின நேரம் தங்கச்சி நிப்பாட்டியிருக்கலாம்." கொஞ்சம் யோசித்தார். கடைசிப் பாராட்டைத் தேடுகிறார் என்று தெரிந்தது. "தங்கச்சி கட்டின சேலை வடிவு" என்றுவிட்டு இருந்தார்.

பிறகு பஸ்லியா அக்கா நேர அறிக்கை வாசித்தார்.

"அஸ்மி, மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடையில. சரியான நேரம். தர்மினி..." என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்த இரக்கத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "சிவப்புக் காட்டின பிறகு என்னட்டக் காட்ட வேற நிறம் இல்லை. மிச்சத்தை மணிக்கூட்டைப் பாத்துச் சொல்றதை விட வெளியில பாத்துச் சொல்லலாம். நாங்க தொடங்கேக்க வெயில்."

சேர் விருந்தினர்கள் பக்கம் திரும்பினார். விருந்தினர் என்றால் என் குடும்பம்தான்.

"புதுசா வந்த ஆக்களுக்காகச் சொல்லுறன். பச்சை எண்டால் குறைஞ்ச நேரம் வந்திட்டுது. மஞ்சள் எண்டால் முடிக்கத் தயாராகுங்கோ. சிவப்பு எண்டால் முடியுங்கோ. அதுக்குப் பிறகும் முடிக்காட்டி நாங்கள் எல்லாரும் சேர்ந்து கை தட்டுவம். அது மரியாதையா நிப்பாட்டுற முறை."

அப்பா அன்று முழுவதும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவர். அந்த அமைதியில் அவர் கேட்டது மண்டபம் முழுக்கக் கேட்டது.

"அப்ப தட்டினது நிப்பாட்டச் சொல்லியோ?"

"ஓம் ஐயா" என்றார் சேர்.

"எல்லாத் தட்டுமோ?"

"அநேகமா எல்லாம்."

சின்னம்மா தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தாள். "நானெல்லோ எல்லாரையும் விடக் கூடத் தட்டினனான்" என்றாள்.

ரோல்ஸ் ஆறியிருந்தது. எல்லோரும் அதை என்னைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். அஸ்மி எனக்கும் ஒன்று எடுத்து வந்து தந்தான். அதை வாங்கியதுதான் அன்றைக்கு நான் பட்ட அவமானங்களில் பெரியது.

திங்கட்கிழமை சேர் கூப்பிட்டார்.

"தர்மினி, கள அலுவலர் வேலை அஸ்மிக்கு."

"ஓம் சேர்."

"கரையில சனம் வலையையும் அடுப்பையும் விட்டுட்டு வந்து எங்கட கூட்டத்தில இருக்குது. அதுகளை நேரத்துக்கு வீட்ட அனுப்பத் தெரிஞ்ச ஆள்தான் எனக்கு வேணும்."

மறுத்துப் பேச நிறைய இருந்தது. வாயைத் திறந்தேன். சேரின் இரண்டு கைகளும் மேசையில் இருந்து லேசாக மேலே எழுவதைக் கண்டதும் மூடிக்கொண்டேன். கழிப்பறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அங்கும் கொஞ்சம் நீட்டிவிட்டேன் போல, வெளியே யாரோ தட்டினார்கள். நல்லவேளையாகக் கதவைத்தான்.

மாப்பிள்ளை வீட்டுக்கும் செய்தி போயிற்று. வேலை இல்லை என்று அறிந்து அவர்கள் விலகியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். பெண் கதைக்கிறது அளவுக்குக் கூட என்று கேள்விப்பட்டோம் என்றார்களாம். அந்தக் கழகத்தின் பின் வரிசையில் அவர்களுடைய உறவுக்காரர் ஒருவர் இருந்திருக்கிறார்.

என் ஒப்பந்தத்தின் கடைசி வாரத்தில் வெருகல் பக்கம் மீனவர் சங்கக் கட்டடம் ஒன்றுக்குத் திறப்பு விழா. எங்கள் அலுவலகம்தான் செலவு. பிரதம விருந்தினராக ஓர் அரசியல்வாதி. அவர் வரவில்லை. வந்துகொண்டிருக்கிறார் என்று தொலைபேசியில் சொன்னார்கள், அதாவது இன்னும் குளிக்கவில்லை. கொட்டகைக்குள் வெக்கை. சனம் ஒவ்வொருவராக எழும்பத் தொடங்கியது. அஸ்மி தன் விளக்கத்தை அழகாக, சுருக்கமாக, நேரத்துக்கு முடித்துவிட்டு நின்றான். முடிந்த பிறகு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

சேர் வேர்த்து விறுவிறுத்து என்னிடம் வந்தார்.

"தர்மினி, அந்தப் பேச்சு இன்னும் நினைவிருக்கோ?"

"எந்தப் பேச்சு சேர்?"

"உங்கட பேச்சு."

"எவ்வளவு நேரம் பேச வேணும் சேர்?"

"வாகனம் வரும் வரைக்கும்."

நான் பிறந்த மழை நாளிலிருந்து தொடங்கினேன். எழும்பியவர்கள் மின்னலைக் கண்டு இருந்துவிட்டார்கள். பேன் கதையை நானே சேர்த்துக்கொண்டேன், சனம் விழுந்து சிரித்தது. கைக்குழந்தைகள் தூங்கின. தூரத்தில் வாகனப் புழுதி தெரிந்தபோது நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டில் இருந்தேன். அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடக் கை தட்டவில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அடுத்த மாதத்திலிருந்து நான் நிரந்தரம். பதவியின் பெயர் நிகழ்ச்சி இணைப்பாளர். பெரிய மனிதர்கள் பிந்தி வருவது இந்த நாட்டில் நிற்கப் போவதில்லை, ஆகவே என் வேலைக்கும் ஆபத்தில்லை. அம்மா வெருகலுக்குப் போய்ப் பொங்கிவிட்டு வந்தாள். நிரந்தர நியமனக் கடிதம் சுவருக்குப் போனது.

இதில் உண்மையாகப் பாதிக்கப்பட்டவர் அப்பாதான். அன்றைக்குக் கற்ற முறையை அவர் மிகவும் நம்பினார். யாராவது நீட்டிக் கதைத்தால் அவர் கை தட்டத் தொடங்குவார். சங்கக் கூட்டத்தில் தட்டினார், சாவீட்டில் ஒரு தடவை தட்டப் போய் அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். போன வருடம் எங்கள் துறைமுகப் பக்கத்திலேயே ஒரு கூட்டம். அதே அரசியல்வாதி. முன் வரிசையில் அப்பா. மனிதர் பேசினார், பேசினார், கடலுக்குப் போகும் நேரமும் தாண்டிவிட்டது. அப்பா பொறுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பலமாகத் தட்டினார். பக்கத்தில் இருந்தவர்கள் தட்டினார்கள். பிறகு கூட்டம் முழுவதும் தட்டியது. அரசியல்வாதி கண் கலங்கி, "இந்த ஐயாவைப் போல ஆக்கள் இருக்கும் வரைக்கும்" என்று மறுபடி தொடங்கிவிட்டார். அவருடைய ஆட்கள் அப்பாவைப் படம் பிடித்து முகநூலில் போட்டார்கள்.

அதற்குப் பிறகு அப்பா அந்தக் கட்சியின் பெரிய ஆள் என்று ஊரில் ஒரு கதை. மகனுக்கு வேலை, வீட்டுத் திட்டத்தில் ஒரு வீடு, வள்ளத்துக்கு இயந்திரம் என்று சனம் சிபாரிசு கேட்டு எங்கள் வீட்டுக்கு வரும். அப்பா மறுப்பதில்லை. கதிரையில் சாய்ந்திருந்து, அரசியல் என்றால் என்ன தெரியுமோ தம்பி என்று ஆரம்பிப்பார். வந்தவர் கைகட்டிக் கேட்பார். கொஞ்ச நேரத்தில் குசினிக்குள்ளிருந்து கைதட்டுச் சத்தம் வரும். அம்மாதான். அதற்குப் பிறகுதான் வந்தவருக்குத் தேநீர் வரும்.